பாம் கோட்டைச் சுவரில் ஒரு பெயர்

11 டிசம்பர் 1961, திங்கள். பாம், பாரசீகம்

கடுங்குளிர். வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனித்தகடு. புடவைக்கு மேல் இவருடைய கோட்டு, அதற்கும் மேல் கம்பளி. அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாதது நல்லதாயிற்று.

நேற்று கெர்மானிலிருந்து பகல் முழுக்க லாரியில். முதுகு போயிற்று. லாரிக்காரர் குர்தியால் சிங் பன்னிரண்டு வயதுவரை பினாங்கில் வளர்ந்தவர். அப்பா அங்கே ஒரு வங்கி வாசலில் ஜாகாவாக, காவலுக்கு, இருந்தாராம். பாலைவனத்து நடுவில் மலாய் பேசுகிறார்! இந்த ஊரில் எங்களுக்கு அவர்தான் வாய்.

கோட்டையை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். பதினோரு வருடம் முன்பு ஒரு பழைய பத்திரிகையில் படம் பார்த்தது முதல் ஆசை. பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுக்கும்போதெல்லாம் மனம் இங்கே வந்து போகும். இவர் கணக்கு எழுதும் கப்பல் கம்பெனியின் சரக்குக் கப்பலில் இடம் கிடைத்ததால் நடந்தது. தன் வருட விடுமுறை முழுவதையும் எனக்காகவே எடுத்தார். அதையும் எழுதி வைக்க வேண்டும். நியாயம்.

கோட்டை என்றால் ஒரு ஊரே. எல்லாம் மண். வெயிலில் காய்ந்த செங்கல், மேலே வைக்கோல் கலந்த பூச்சு. கடைத்தெரு, குதிரை லாயம், கூரை போன வீடுகள். உச்சியில், முன்பு ஊரை ஆண்டவர் இருந்த அறை. சிங்கப்பூர் மழையில் ஒரு டிசம்பர் தாங்காது.

காவலர் பெயர் முராத். அறுபது வயது இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. தன் அறையில் உட்கார வைத்துத் தேநீர், பேரீச்சம்பழம். பிறகு எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். சுவரைத் தொடலாமா என்று சைகையில் கேட்டேன். தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். இப்படி, அழுத்தாமல். நானும் அப்படியே. விரலில் மாவு போல மண்.

மதியம் அவர் தொழப் போனார். நான் உச்சி அறையின் ஜன்னலில் நின்று பேரீச்சந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கரகரவென்று ஓசை. திரும்பினால் இவர் கையில் பேனாக்கத்தி. சுவரில் முழ நீளத்துக்கு, ‘சிங்கப்பூர் வே. தங்கரா’ வரை.

“என்னங்க பண்றீங்க!”

“இரு சாரதா, ‘சு’ மட்டும்தான் பாக்கி. கேமராவ எடு.”

எடுத்தேன். பொத்தானையும் அழுத்தினேன். ஏன் அழுத்தினேன்? ஏன்? இவர் சொன்னதைச் செய்தே பழகிய கை.

சாப்பாடு வேண்டாம் என்றேன். “தலவலியா?” என்கிறார்.

12 டிசம்பர், செவ்வாய்

 

காலை ஏழு மணிக்கு மறுபடி கோட்டைக்கு. வெயில் ஏறும்போது சுவர்களின் நிறம் மாறும், பார்க்கலாம் என்று சிங்தான் அழைத்துப் போனார். வாசலில் ஒரு ஜீப். உச்சி அறையில் மேலதிகாரி ஒருவர், கறுப்புக் கண்ணாடியோடு. எதிரில் முராத், தொப்பியைக் கையில் பிடித்தபடி. சுவரில் இவர் பெயர்.

அதிகாரி ஏதோ கத்தினார். முராத் மெதுவாகப் பதில் சொன்னார். சிங் என் காதருகே மலாயில் சொன்னது: யார் எழுதியது என்று கேட்கிறார், தான் பார்க்கவில்லை என்கிறான் கிழவன்.

பார்க்கவில்லையாம்! நேற்று எங்களைத் தவிர இங்கே யாரும் வரவில்லை.

பளாரென்று ஓர் அறை. முராத்தின் தொப்பி தரையில். மகன் வயதுகூட இருக்காது அந்த அதிகாரிக்கு.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். இது உங்கள் எழுத்தா என்று சிங் மூலம் கேள்வி. இவர் சுவரை உற்றுப் பார்த்தார். முதல் முறை பார்ப்பது போல!

“தா தாவ்” என்றார். தெரியாது.

முராத் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. சொல்வாளா என்று பார்த்தார், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை.  சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அந்த மனிதர் படி இறங்கிப் போனார்.

லாரியில் இவரிடம் கேட்டேன்.

“நம்ம பாஸ்போர்ட்ட பிடுங்கி வச்சிருந்தா என்ன பண்ணுவ? அந்நிய ஊரு.”

“அவருக்கு வேல போச்சு.”

“திருப்பிக் குடுத்துருவாங்க. இதெல்லாம் ஒரு மெரட்டல்.”

 விடைபெறும்போது சிங்கிடம், ஸாஹிதானில் உள்ள அவருடைய லாரிக் கொட்டகையின் விலாசத்தைக் கேட்டு வாங்கினேன். என் முகத்தைப் பார்க்காமலே எழுதித் தந்தார்.

7 ஜனவரி 1962, ஞாயிறு. சிங்கப்பூர்

வீடு வந்து மூன்று நாள். விடாத மழை. நோரிஸ் ரோடு முழுக்கத் தண்ணீர். துணி காயவில்லை. நாளை பள்ளி. வாங்க வேண்டியவை: சுண்ணக்கட்டி, சிவப்பு மை, வெந்தயம், இவருக்கு இருமல் மருந்து.

இருமல் மருந்தை நான் வாங்க வேண்டும்!

தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர்வரை தெரிந்திருக்கிறது. “டீச்சர், ஒங்க சார் பாரசீகத்துல தமிழ் எழுதிட்டு வந்தாராம்லா?” சிரித்து வைத்தேன். சிரித்தேனே! வீடுவரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

சிராங்கூன் ரோடு ஸ்டூடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறார். பொங்கலன்று வாசக மன்றத்தில் இவர் பேசப் போகிறாராம். தலைப்பு, ‘பாலைவனத்தில் தமிழ்’.

“அந்தப் படத்த மட்டும் காட்டாதீங்க” என்றேன்.

“ஏன்? இருவது வருசமா கப்பல் ஆபீசுல எழுதுறேன், சாரதா. எந்தக் காகிதத்துலயாவது எம் பேரு இருக்கா? கையெழுத்து எல்லாம் தொரையோடது. ஒரு எடத்துல, ஒரே ஒரு எடத்துல இருந்துட்டுப் போகட்டுமே.”

 அந்த ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. உடனே அந்தத் தொப்பி தரையில் விழுந்தது கண்ணில் வந்தது. தன் பெயர் இருக்க வேண்டும். முராத் இருக்க வேண்டாமா?

14 ஜனவரி, ஞாயிறு. பொங்கல்

காலையில் பொங்கல் அடிப்பிடித்தது. கவனம் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு மன்றம். அறுபது பேர் இருப்பார்கள். செயலாளர் பரமசிவம், இவருடைய பள்ளித் தோழர், மாலை போட்டார். இவர் நன்றாகத்தான் பேசினார். பனி, லாரி, மலாய் பேசிய சிங். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார். கைதட்டல்.

“பாத்துக்குங்க! ஆயிரம் வருசத்துச் சுவரு. இனி அங்க போறவன் எவனும் நம்ம எழுத்தப் பாக்காம திரும்ப முடியாது.”

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது.

“அந்தச் சுவரக் காவல் காத்த பெரியவர அறைஞ்சாங்க. இவர் எழுதுனதுக்காக. யாரு எழுதுனதுன்னு அவருக்குத் தெரியும். விருந்தாளிகளக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அடிய வாங்கிக்கிட்டாரு. அங்கேயே வேலையும் போச்சு. இது உங்க எழுத்தான்னு எங்களக் கேட்டாங்க. இவர் தெரியாதுன்னாரு. நானும் பக்கத்துல வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். இந்தப் படத்த எடுத்ததும் நான்தான்.”



பரமசிவம்தான் முதலில் வாயைத் திறந்தார். “தங்கச்சி, வீட்டு விசயத்த வீட்டுல பேசிக்கலாம்.”

“வீட்டு விசயம் இல்லண்ணே. வீட்டு விசயமா இருந்தா படத்த ஏன் இங்க கொண்டாந்து வச்சீங்க?”

பின்வரிசையில் யாரோ, “பொம்பளைய பேசவுட்டா இப்படித்தான்” என்றார். இன்னொரு குரல், “அவங்க சொல்றது சரிதானேய்யா” என்றது. யாரென்று தெரியவில்லை. இவர் படத்தின் மேல் துணியைப் போட்டார். பொங்கல் பொட்டலத்தை வாங்காமலே எல்லாரும் கலைந்தார்கள்.

வீடுவரை இவர் பத்தடி முன்னால். குடை அவர் கையில். நான் நனைந்தேன். கவலையில்லை.

16 ஜனவரி, செவ்வாய்

பள்ளி ஓய்வு நேரத்தில் இரண்டு கடிதம். ஒன்று ஆங்கிலத்தில், அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு. எழுதியவர் என் கணவர், படமெடுத்தவள் நான், காவலர் மேல் குற்றமில்லை, வேலையைத் திருப்பிக் கொடுங்கள். அது உறைக்குள் உறையாக. இன்னொன்று மலாயில் சிங்குக்கு, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி.

நேற்று இவரிடம் கையெழுத்துக் கேட்டதற்கு, “என்னய ஊரே சிரிக்க வச்சது போதாதா?” என்றார். இரண்டு நாளில் பேசிய ஒரே வாக்கியம். சரி. என் கையெழுத்து மட்டும். தபாலில் சேர்த்துவிட்டேன்.

24 மார்ச், சனி

வெயில் கொளுத்துகிறது. பரீட்சைத் தாள் நாற்பத்திரண்டு, இன்னும் தொடவில்லை.

சிங்கிடமிருந்து பதில். மலாய், ஆங்கில எழுத்தில், கோணல்மாணலாக. சாப்பாட்டு மேசையில் இவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பேச்சு மறுபடி ஓரளவு நடக்கிறது. உப்பு, சாவி, மழை, அந்த அளவு.

அதிகாரி கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டாராம். முராத் இப்போது ஒரு தோப்பில் வாய்க்கால் தூர் வாருகிறார். அந்த வயதில், அந்தக் குளிர் தண்ணீரில். எங்கள் மேல் கோபமா என்று சிங் கேட்டாராம். விருந்தாளிகள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று மட்டும் முராத் திருப்பிக் கேட்டாராம். கோட்டைக்குப் புது ஆள் வந்துவிட்டான். வந்த வாரமே வைக்கோலும் மண்ணும் குழைத்து அந்த எழுத்தைப் பூசி மூடிவிட்டான். அரை மணி நேர வேலை.

அரை மணி நேரம்! அதற்கா ஒரு மனிதரை அறைந்து துரத்தினார்கள்? ஒரு வாளி மண்ணை அந்த அதிகாரியும் குழைத்திருக்கலாம். நாங்களே குழைத்திருக்கலாம், அன்றைக்கே, முராத்தைக் கேட்டு.

படித்து முடித்தேன். இவர் சாதத்தில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார். கண் கலங்கியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். முராத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை.

“அப்ப எம் பேரு அங்க இல்லையா?”

“இல்ல” என்றேன்.