பச்சைத் துண்டும் சிவப்புப் பையும்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

சந்தை முடிந்து திரும்புகையில் பஸ்ஸில் என் வீட்டுக்காரி கண்ணாயி சண்டை இழுத்துவிட்டாள். இந்த வாரம் நானும் போயிருந்தேன். கூட்டத்தைப் பார்த்ததும் எங்கள் பச்சைத் துண்டையும் சிவப்புப் பையையும் ஜன்னல் வழியாகப் போட்டு சீட் பிடித்தது அவள்தான். ஏறிப் பார்த்தால் யாருடைய சிவப்புத் துண்டுக்கோ பக்கத்தில் நிற்கிறாள்.

"இது எங்க துண்டுங்க. எந்திரிங்க."

"நம்மது பச்சைத் துண்டு புள்ள," என்றேன்.

"பைதானுங்க பச்சை."

எங்களுடையவை பின் சீட்டில் சமர்த்தாக இருந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

12 பிப்ரவரி, புதன்

பஸ் கதையைக் கேட்டதிலிருந்து மகள் ராதிகா விடவில்லை. கண்ணாயியை நாமக்கல்லில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒரு அட்டையைக் காட்டினார்: சிவப்பு முக்கோணம், நீல வட்டம். அதை மறைத்துவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். "செவப்பு வட்டம், நீல முக்கோணம்," என்றாள் கண்ணாயி, அத்தனை தெளிவாக. நிறமும் நினைவிருக்கிறது, வடிவமும் நினைவிருக்கிறது. எது எதோடு சேர்ந்தது என்பதுதான் பிசகுகிறது. மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், கொஞ்ச நாள் கவனிப்போம் என்றார்.

இனி எதற்குச் சிரிப்பது?

13 பிப்ரவரி

ராதிகா போனில்: "அம்மாவத் தனியா சந்தைக்கு உடாதீங்கப்பா." சரி என்றேன். கேட்டுக்கொண்டிருந்த கண்ணாயி, சந்தையில் விற்கச் சேர்த்த மிளகுக் கூடையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாரம் முழுக்க அவள் காத்திருப்பதே அந்த ஒரு நாளுக்குத்தான். எனக்குத் தெரியாதா? ஆனால் பயமாக இருக்கிறதே. வேறு பஸ்ஸில் ஏறிவிட்டால்? வேறு ஆளையே நான் என்று மாற்றிப் பார்த்துவிட்டால்?

20 பிப்ரவரி

எல்லாமே ஒரே நிறமாக இருந்தால் எதை எதோடு மாற்றுவாள்? பச்சைப் பை வாங்கிவிட்டேன். அவள் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் நிற்க எனக்கும் ஒரு பச்சைச் சட்டை. ராதிகாவிடம் கெஞ்சி ஒரு வாரம் பார்ப்போம் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

"கிளியாட்டம் இருக்கறீங்க," என்றாள் கண்ணாயி. எத்தனை நாளைக்கப்புறம் சிரிக்கிறாள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

தனியாகப் போனாள். வந்துவிட்டாள்.

9 மார்ச், ஞாயிறு

திடீர் மழை. பச்சைச் சட்டை கொடியிலேயே நனைந்துவிட்டது. பழுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஸ்டாப்பில் எனக்கு முன்னால் டீக்கடை மாரப்பன் நிற்கிறான், அசல் என் சட்டையைப் போலவே பச்சையில். பஸ் வந்தது. கண்ணாயி இறங்கினாள். கூப்பிட வாயெடுப்பதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

மாரப்பனை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டி வந்து, பையை என் கையில் கொடுத்தாள்.

"சட்டை எங்கீங்க?"

"நனைஞ்சுபோச்சு. அப்புறம் எப்படிப் புள்ள என்னைக் கண்டுபுடிச்ச?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், டாக்டரிடம் காட்ட வேண்டியது என்னைத்தான் என்பதுபோல.

"உங்கள என்னத்துக்குங்க கண்டுபுடிக்கோணும்?"

பை கனத்தது. குடை ஒன்றுதான் இருந்தது. ராதிகாவிடம் நாளை சொல்ல வேண்டும், அடுத்த சந்தைக்கும் அம்மாதான் போகிறாள் என்று.