அலை கொண்டுபோன தர்பூசணி

ஸ்ட்ராட்டி,

அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி அடுப்பிலேயே இருக்கிறது. ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

பிள்ளைகளோடு சார்த்தி ஊர்க் கடற்கரையில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்புகிறேன். போன கோடையில், குளிரட்டும் என்று நீ கரையோர ஈரமணலில் புதைத்த தர்பூசணியை அலை இழுத்துப்போனதும், "காசு வாங்காமக் கடலுக்கே தர்பூசணி வித்த வியாபாரியப் பாருங்க!" என்று என் அண்ணன்மார் முன்னால் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள், உன் முகம் சுண்டிப்போனது. அந்த வாயை அன்றைக்கே மூடியிருக்கலாம். இப்போது வரமாட்டேன் என்பதற்குக் கடையைச் சாக்குச் சொல்கிறாய்.

இரண்டு நாளும் எங்களோடு இரு என்று கேட்கவில்லை. கடை அடைத்ததும் ஒரு ராத்திரிக்கு வா. இந்தத் தடவை அண்ணன்மார் வரவில்லை.

அந்தூலா

பி.கு.: கோபத்தில் சின்னக் கூடாரத்தைத்தான் எடுத்துவைத்தேன். "அப்பா கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமேம்மா" என்றாள் லெனியோ. பெரியதையே ஏற்றிவிட்டேன்.