என் தம்பியின் மற்றப் பெயர்

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகளுக்குப் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தோம். யாரோ மேப்பிள் பாகுப் போத்தலைத் திறந்தார்கள். அந்த வாசம் வந்ததும் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்ச் சற்று நின்றேன். கனடாவில் உங்கள் ஊரான கியூபெக்கிலிருந்து உங்கள் மச்சாள் அனுப்பும் பாகை நீங்கள் வேலைக்குக் கொண்டுவந்து, சீனிக்குப் பதிலாக என் தேநீரில் விடுவீர்கள்.

டென்மார்க்கின் விபோர்க்கில் அந்த முதியோர் இல்லச் சமையலறையில் நாம் இருவர்தான் வெளிநாட்டுக்காரர். மூத்த பெண்ணை எங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டு, "அக்கா"வை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். டேனிஷ்காரரை மணந்தும் தகப்பனின் பெயரை விடவில்லை. கியூபெக்கில் பெண்கள் அப்படித்தான் என்றீர்கள். எனக்கோ அப்பாவின் பெயர்தான் கடைசிப் பெயர். மருத்துவரிடம் போனால் அப்பாவைத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று நான் சொன்னபோது, கிழங்கு உரித்த கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

ஓய்வு நேரமெல்லாம் பழைய பதிவேடுகளில் உங்கள் முன்னோரைத் தேடுவீர்கள். பிரான்சிலிருந்து கப்பலேறிய முதல் மனிதரின் பிள்ளைகளைக் காணாமல் நெடுங்காலம் தவித்தீர்கள். அவர் பட்டாளத்துக்காரர் என்பதும், பட்டாளம் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. சான்சூசி, அதாவது கவலையில்லாதவன். பிள்ளைகளில் சிலர் வீட்டுப் பெயரோடும் சிலர் பட்டாளப் பெயரோடும் வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

இலங்கையில் போர் முடிந்த அந்த வைகாசியில் நான் வேலைக்கு வந்துபோனேனே தவிர, மனம் வன்னியில் கிடந்தது. தம்பி ஜெயசீலன் இயக்கத்துக்குப் போய் அங்கேயே கல்யாணம் முடித்தவன். மனைவியை நாங்கள் கண்டதில்லை. ஒரு மகள் இருப்பது மட்டும் தெரியும். முகாம்களில் விசாரித்தவர்கள் எல்லோரும் ஜெயசீலன் குடும்பம் என்று எவருமில்லை என்றார்கள். அதைச் சொல்லி உங்கள் தோளில் அழுதேன். முதுகைத் தடவியபடியே கேட்டீர்கள்:

"அவனுக்கும் பட்டாளப் பெயர் ஒன்று இருந்ததா?"

இருந்தது. நிலவன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவே எங்கள் வீட்டில் பயம். இராணுவம் காவல் நிற்கும் முகாமில் அதைக் கேட்கப்போய் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்துவிட்டால் என்று தயங்கினேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. நம்பிச் சொல்லக்கூடிய ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று மட்டும் கேட்டீர்கள். முகாமுக்குள் போய் ஜெபிக்க அனுமதி பெற்றிருந்த எங்கள் பழைய போதகர் வவுனியாவில் இருந்தார். அவரோடு நான் போனில் கதைத்து முடியும்வரை என் பங்குக் கிழங்கையும் நீங்களே உரித்தீர்கள்.

சில நாள் கழித்து அவர் அழைப்பு எடுத்தபோது, தமிழ் தெரியாத நீங்களும் போனுக்குக் காதைக் கொடுத்தபடி என் பக்கத்தில் நின்றீர்கள்.

"பிள்ளை, நிலவன்ரை மகள் இருக்கிறாளோ எண்டு மெல்லமாய்க் கேட்டன். ஒரு சின்னன் எழும்பி வந்து, ஓம், நான்தான் எண்டாள். தாயும் இருக்கிறா. அவவுக்கு ஜெயசீலன் எண்ட பெயரே தெரியாது."

தம்பியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் மொழிபெயர்க்கும் முன்பே என் முகத்தைப் பார்த்து நீங்கள் மகள் கிடைத்ததையும் தம்பி கிடைக்காததையும் விளங்கிக்கொண்டு, என் கையைப் பிடித்தீர்கள்.

அந்தச் சின்னன் யாழினி இப்போது ஆசிரியை. தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் நிலவன் என்றே எழுதுகிறாள். தம்பி வரவில்லை. போன மாரியில் நீங்கள் கர்த்தரிடம் போய்விட்டீர்கள்.

ஜெபத்தில் இப்போது அவனை இரண்டு பெயராலும் சொல்கிறேன், அக்கா. அம்மா வைத்ததை முதலில், பிறகு அவன் மகளுக்குத் தெரிந்ததை. எங்கே இருந்தாலும், இரண்டில் ஒன்றுக்கு அவன் திரும்பிப் பார்ப்பான்.