இடைச்செருகல்

ஒதியம்பட்டு,
6 மார்ச் 1937

அன்பிற்குரிய தங்களுக்குத் தையல் எழுதுவது.

இங்கே அத்தையும் நானும் சுகம். தங்கள் சுகம்தான் சரியாகத் தெரியவில்லை. விரலில் நகச்சுற்று, நண்பர் ஷேக் மைதீனைக்கொண்டு எழுதுவிக்கிறேன் என்று ஐப்பசியில் எழுதினீர்கள். மாசி முடியப்போகிறது. இன்னுமா ஆறவில்லை? சைகோனில் வைத்தியர் இல்லையா?

கல்யாணமான வருஷம் நாம் சேர்ந்து படித்த காவியத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். எழுதியவர் பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால் எனக்கு அவரை நன்றாகத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. பஞ்சத்தைப் பார்த்த மனிதர். அடுப்பு மூட்டுவதைச் சொல்ல அவருக்கு மூன்று சொல் போதும். கணவனைப் பிரிந்தவள் அழுதாள் என்று ஓரிடத்திலும் சொல்லமாட்டார். உலையில் இருவருக்கு அரிசி போட்டுவிட்டாள் என்பதோடு நிறுத்திவிடுவார். ஒன்பதாம் படலத்திலோ அதே பெண் நாற்பது பாட்டுக்கு நிலவைத் திட்டுகிறாள். அது அவர் எழுதியதுதானா? பிற்காலத்தில் யாரோ நுழைத்ததாக எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சென்ற இரண்டு கடிதத்திலும் நான் கேட்டவற்றுக்குப் பதில் இல்லை. இதற்காவது எழுதுங்கள்.

தங்கள்
தையலம்மாள்

*

சைகோன்,
2 ஏப்ரல் 1937

பிரிய நாயகி தையலம்மாளுக்கு,

சந்திரனைக் காணாத அல்லியைப்போல் உன்னைக் காணாமல் என் இருதயம் வாடுகிறது. நீ கேட்ட காவியம் மிகவும் நல்ல காவியம். எல்லாப் படலமும் நல்ல படலமே. விரல் ஆறிவருகிறது, விசாரம் வேண்டாம். ஆபீசில் வேலை அதிகம். தாயாருக்கு என் நமஸ்காரம்.

பச்சையப்பன்

*

ஒதியம்பட்டு,
28 ஏப்ரல் 1937

ஷேக் மைதீன் அவர்களுக்கு,

இதை என் கணவருக்குக் காட்டாமல் தாங்கள் மட்டும் படிக்க வேண்டுகிறேன்.

கையெழுத்து தங்களுடையது என்பது தெரிந்ததே. சொற்களும் தங்களுடையவைதாம். ஒரு புத்தகத்தை நல்ல புத்தகம் என்று சொல்லி விட்டுவிடுகிறவர் அல்ல அவர். ஒரு பாட்டு பிடிக்காவிட்டால் சோறு ஆறும்வரை அந்தப் புலவரோடு சண்டை போடுவார். தாயாருக்கு நமஸ்காரம் சொல்லமாட்டார், கால்வலி எப்படி என்று கேட்பார். அல்லியும் சந்திரனும் வந்தால் சிரித்துவிடுவார்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாடி, கூத்தாடி மாதிரி பேசறான்" என்றார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறாரா? இருந்தால் எழுதிவிடுங்கள், அழுது தீர்த்துக்கொள்வேன். அவர் இருக்கிறாரா என்று கேட்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது. அதையும் கேட்டுவிட்டேன்.

தையலம்மாள்

*

சைகோன்,
25 மே 1937

தங்கை தையலம்மாளுக்கு ஷேக் மைதீன் எழுதிக்கொள்வது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பச்சையப்பன் உயிரோடு இருக்கிறார். வேறு குடும்பம் கிடையாது. கண்தான் போய்விட்டது, தங்கச்சி.

ஆவணியில் மங்கத் தொடங்கியது. தைக்குள் இரண்டும் முழுதாகப் போயின. வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். உத்தியோகமும் போயிற்று. என் ஜவுளிக்கடைக்குப் பின்னால் உள்ள அறையில் என்னோடுதான் இருக்கிறார். நகச்சுற்று அவர் எழுதச் சொன்ன பொய். தொடக்கத்தில் அவரே வாசகம் சொன்னார். பிறகு உங்கள் கடிதத்தில் புத்தகப் பேச்சு வந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "நீயே எதுனா எழுதிடு மைதீனு" என்று விட்டுவிட்டார். எனக்குத் துணி விற்கத்தான் தெரியும். நாடகத்தில் கேட்ட வசனத்தை எழுதினேன். மன்னிக்க வேண்டும்.

ஊருக்குப் போங்கள் என்று தினமும் சொல்கிறேன். "அவ படிக்கிறவ. குருடனுக்குக் கஞ்சி ஊத்திக்கினு ஒக்காரவா அவளக் கட்னேன்?" என்கிறார். என் தம்பி மகன் அக்பர் அலி ஜூலைக் கடைசியில் கப்பலேறிப் புதுச்சேரி வருகிறான். கைபிடித்து அழைத்துவர அவன் தயார். இவர்தான் அசைய மறுக்கிறார். நீங்கள் எழுதிப் பாருங்கள்.

ஷேக் மைதீன்

*

ஒதியம்பட்டு,
19 ஜூன் 1937

தங்களுக்கு,

மைதீன் அண்ணன் இதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் படிக்கட்டும்.

எனக்குக் கோபம். கண் போனதற்கு அல்ல. எட்டு மாதமாக நான் யாரோடோ பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் இருட்டில் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். அண்ணன் கடிதம் வரும்வரை ஏழு வாரம், தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். இதெல்லாம் எதற்கு?

நான் படிக்கிறவள்தான். உரக்கப் படிக்கவும் தெரியும். நான் படிக்க நீங்கள் சண்டை போட வேண்டும். ஆளில்லாமல் படித்துப் படித்து, யாரைப் பார்த்து இது சரியா என்று கேட்பது என்று தெரியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன். கஞ்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தினமும் காய்ச்சுவதுதான்.

அக்பர் அலியோடு புறப்படுங்கள். என் அண்ணன் தங்கவேல் வண்டி கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். கப்பல் வருகிற அன்று அத்தையும் நானும் கடற்கரைப் பாலத்தில் நிற்போம். நீங்கள் வருகிறீர்களா என்பது, கப்பலிலிருந்து ஆட்களை இறக்கிவரும் கடைசிப் படகும் வந்து சேரும்வரை எங்களுக்குத் தெரியாது. அங்கே ஒரே கூச்சலாக இருக்கும். நாலு வருஷத்தில் என் குரல் உங்களுக்கு மறந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு படகு வரும்போதும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறேன்.

நாலு பேர் எதிரில் புருஷன் பெயரைச் சொல்லலாமா என்று அத்தையிடம் கேட்டேன். அவர் நீட்டியிருந்த காலை மடக்கி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "கூப்டு. நானும் கூப்டறேன். எதுனா ஒரு கொரலு அவன் காதுல வுழட்டும்" என்றார்.

தையல்