ஜன்னல் வழியாக வரும் ஃப்ரிட்ஜ்

வெர்லின்,

பதினொரு மணிக்குப் பக்கத்து வண்டியில் குடியிருக்கும் டுவேனோடு புது ஃப்ரிட்ஜைக் கொண்டு வருகிறேன். வீடுகளில் வைக்கிற கரண்ட் ஃப்ரிட்ஜேதான். அதற்குள் நம் வண்டி வீட்டில் சாப்பாட்டு மேஜைப் பக்கத்து ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி வை. "நம்ம வண்டி வாசல்ல அது நுழையவே நுழையாதுடி" என்று நேற்று சிரித்தாயே, பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிற பொந்தை மட்டும் அளந்தவன் நீ. நான் வாசலையும் அளந்தேன், ஜன்னலையும் அளந்தேன்.

பழையது கேஸில் ஓடுவது, வால்வை மூடிவிட்டு அதில் கை வை. உன் இன்சுலின் டுவேனின் வண்டி ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருக்கிறது. அடுப்பில் பீன்ஸ் வைத்திருக்கிறேன், முதலில் சாப்பிடு.

"அரிசோனா பாலைவனத்துல கரண்டுக்கு எங்கடி போவே?" என்று மறுபடி ஆரம்பிக்காதே. கூரை மேல் சோலார் இருக்கிறது, கட்டிலுக்கடியில் நான்கு பேட்டரி இருக்கிறது. தாராளமாகப் போதும். போன வாரம் வண்டியைச் சரிவில் நிறுத்தியபோது, மட்டமாக நின்றால்தான் வேலை செய்கிற உன் கேஸ் ஃப்ரிட்ஜ் குளிராமல் போய் இன்சுலின் சூடாகிவிட்டது. அதை என்னிடம் மறைத்தாய் பார், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

லொரெட்டா

பி.கு.: இனிமேல் நிறுத்துகிற இடத்திலெல்லாம் சக்கரத்துக்கடியில் பலகை செருகி மட்டம் பார்க்க வேண்டாம். புது ஃப்ரிட்ஜ் சாய்வுக்கெல்லாம் அசராது.

இன்னொன்று: ஆனாலும் வண்டியைக் கொஞ்சம் உன் பக்கம் சாய்த்தே நிறுத்து. கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தூக்கத்தில் தானாக உருண்டு வந்துவிடுவேன்.