பதிமூன்றாவது பங்கு

நுஃமான் காக்காவுக்குத் தங்கச்சி இஃப்ரா எழுதுவது. இது உம்மாவின் கடிதம், கையெழுத்து மட்டும் என்னுடையது. உம்மாவின் வலது உள்ளங்கையில் நாலு தையல் போட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், காரணம் கடைசியில் வரும், நல்ல காரணம்தான். பாக்கர் மாமா நாளைக்கு மஸ்கட்டுக்குப் புறப்படுவதால் இன்றைக்கே எழுதி முடித்தாக வேண்டும். உம்மா சொல்வதை ஒன்று விடாமல், ஒன்றும் கூட்டாமல், உண்மையாக எழுதுவேன் என்று சொல்லித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உம்மா சொல்லாமல் விடுவதை மட்டும் அடைப்புக்குறிக்குள் நான் சேர்ப்பேன். இனிமேல் பேசுவது உம்மா.

என் கண்ணான மகன் நுஃமானுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் அருளால் நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். வாப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் கடையில் யாரும் பார்க்காத நேரம் தொதல் தின்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உச்சிப்புளியில் இரண்டு நாளாக நல்ல மழை, மாடியில் காயப்போட்ட மல்லி எல்லாம் நனைந்துபோனது. (மல்லியை எடுக்க மறந்தது நான்தான்.) போன மாதம் நீ செய்தி அனுப்பியிருந்தாயே, “வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வாங்க உம்மா, நான் சம்பாதிக்கிறேன்ல, விசாரணைக்காரங்க முன்னாடி போய் ஏன் கைகட்டி நிக்கணும்” என்று, அதற்கு நான் பதிலே போடவில்லை. கோபம் இல்லை மகனே. பதில் என் கையில் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

உனக்குப் பாதிதான் தெரியும் என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். போன வருஷம் மண்டபம் பக்கத்தில் கடல்பாசி வளர்க்கிற பெண்கள் பன்னிரண்டு பேர், சண்முகவள்ளி என்று ஒருத்தி தலைமையில், எங்கள் பல்கலைக்கழகக் கடல் ஆய்வு மையத்துக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு மூங்கில் மிதவையில் கட்டிய பாசியெல்லாம் வெளுத்து, கைபட்டாலே உதிர்கிறது என்று அழுதார்கள். நான் தண்ணீரைப் படிக்கிறவள், சும்மா இருக்க முடியுமா? துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு சனிக்கிழமைதோறும் போனேன். அந்த இடத்தில் தண்ணீர் ஆழம் குறைந்து, மத்தியானத்தில் சுடுதண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது என்று கண்டுபிடித்து, மிதவைகளைத் தள்ளிக் கட்டச் சொன்னேன். பாசி பிழைத்தது. நான் ஒரு பைசா வாங்கவில்லை. அப்புறம் யாரோ ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டார்கள், காலிதா மேடம் அனுமதி இல்லாமல் வெளியே ஆலோசனை வேலை பார்த்துக் கூலி வாங்குகிறார் என்று. மெமோ வந்தது. விசாரணைக் குழு போட்டார்கள். குற்றம் என்று முடிவானால் சஸ்பெண்ட், பதினாறு வருஷ சர்வீஸில் கறுப்புப் புள்ளி, மிதவைப் பக்கம் இனி காலெடுத்து வைக்க முடியாது.

உன் தங்கச்சி பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பணி விதிகள் நாற்பத்தொரு பக்கத்தையும் காலாண்டுத் தேர்வுக்குப் படிக்கிற மாதிரி படித்தாள். (மூன்று முறை. முக்கியமான இடங்களில் மஞ்சள் கோடு போட்டேன்.) அதில் இருப்பது இவ்வளவுதான். சுயஉதவிக் குழு மாதிரி எளியவர்களுக்குச் சும்மா ஆலோசனை சொன்னால் துறைத்தலைவருக்குத் தகவல் கொடுத்தால் போதும். ஆனால் பதிலுக்குப் பணமோ பொருளோ எதை வாங்கினாலும் அது தொழில்முறை ஆலோசனை ஆகிவிடும், முன்கூட்டியே அனுமதி வேண்டும், வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகத்தில் கட்ட வேண்டும். தகவல் கடிதத்தின் நகல் என்னிடம் இருந்தது. ஆகவே நான் எதையும் வாங்கவில்லை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். அதைச் சொல்ல சண்முகவள்ளியைவிட யார் இருக்கிறார்கள் என்று அவளையே சாட்சியாக எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

விசாரணை அன்று பன்னிரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், எல்லாரும் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. (வராண்டா பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு அத்தை என் கையில் கடலை மிட்டாயைத் திணித்து, உங்கம்மாவ நாங்க விட்டுக் குடுப்பமா தாயி என்றார்கள்.) சண்முகவள்ளி உள்ளே வந்தாள். குழுத் தலைவர் கேட்டார், மேடம் செய்த வேலைக்கு நீங்கள் ஏதாவது கொடுத்தீர்களா என்று. நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் இடுப்பில் கைவைத்து, “குடுக்காம? நாங்க என்ன ஓசியில வேல வாங்குற ஆளுகளாய்யா? ஒவ்வொரு அறுப்புக்கும் டீச்சரம்மாவுக்குப் பங்கு போட்டம்ல” என்றாள். தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சண்முகவள்ளி, இவ வாங்க மாட்டேன்னுதான் சொல்லுவா, கூச்ச சுபாவம் என்று வேறு சேர்த்தாள். அவள் எனக்கு நல்லதுதான் செய்வதாக நினைத்தாள் நுஃமான். நம் கடற்கரையில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு வைக்காமல் கரையை விட்டு நகர்வார்களா? யோசனை சொன்ன தலைக்கும் ஒன்று என்று வைத்து, பன்னிரண்டு பேருக்குப் பதிமூன்று பங்கு பிரித்திருக்கிறார்கள். என்னிடம் பங்கு போட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் மறுப்பேன் என்று தெரியும்.

அந்த நிமிஷம் நீ சொன்னது ஞாபகம் வந்தது, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று. ஆனால் வாய் தானாகக் கேட்டது, அந்தப் பங்கை யார் கையில கொடுத்தே சண்முகவள்ளி என்று. அவளுக்குக் கோபம், “ஒன் கையில குடுத்தா நீ வாங்குவியா? நீ வேல பாக்குற எடத்துலதான எறக்குனோம், அந்தா ஸ்டோர்ல, சிவமணி அண்ணன்கிட்ட” என்றாள். ஸ்டோர் சிவமணியைக் கூப்பிட்டார்கள். (சிவமணி மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார், கையில் தடிமனான ரிஜிஸ்டர்.) பதிவேட்டில் எல்லாம் இருந்தது. தேதி, காய்ந்த பாசி, மூட்டை எண்ணிக்கை, கொடுத்தவர் சண்முகவள்ளி குழு. மொத்தம் இருபத்தெட்டு மூட்டை. அவற்றை எடுத்துக்கொண்டது யார் என்று எதிர்ப்பக்கம் பார்த்தால், எல்லா இடத்திலும் ஒரே கையெழுத்து, விசாரணைக் குழுத் தலைவருடைய ஆராய்ச்சி மாணவனுடையது. ஒரு வருஷமாக அவர் ஆராய்ச்சித் திட்டத்தில் பாசி உரம் காய்ச்சியது என் பங்கில்! மையம் விலைக்கு வாங்கிய பாசி என்று அவர் நினைத்திருந்தார், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மேடத்துக்குத் தெரியாமலா இருக்கும் என்று சிவமணி நினைத்திருந்தார்.

நான் எழுந்து, உன் தங்கச்சி மஞ்சள் கோடு போட்ட பக்கத்தை மேஜையில் வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்குச் சேர வேண்டும் என்கிறது விதி, மூன்றுமே சேர்ந்திருக்கிறது, என் வீட்டுக்கு ஒரு இலைகூட வரவில்லை என்றேன். குரல் நடுங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். தலைவர் நல்ல மனிதர், முகம் சிவந்தாலும் சிரித்துவிட்டார். வாங்கினது மேடம் இல்லைங்க, நாமதான் என்று மற்ற இரண்டு பேரிடம் சொன்னார். அன்றைக்கே குற்றச்சாட்டு தள்ளுபடி. போன வாரம் உத்தரவு வந்தது, சனிக்கிழமைதோறும் அந்தப் பெண்கள் குழுவுக்கு ஆலோசனை சொல்ல எழுத்துப்பூர்வ அனுமதி, பல்கலைக்கழகமே படகு தரும். (வெளியே வந்த உம்மாவை அத்தைகள் சுற்றிக்கொண்டு குலவை போட்டார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் குலவை கேட்டது அதுவே முதல்தடவை என்று சிவமணி மாமா சொன்னார். உம்மா அழுதார்கள், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.)

அந்த மூட்டைகளின் விலையை மையம் பெண்கள் குழுவுக்கே கொடுக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சண்முகவள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, போட்ட பங்கைத் திருப்பி வாங்கினால் கடலில் கால் வைக்க முடியுமா என்று சண்டைக்கு வந்தாள். கடைசியில் அந்த விலைக்கு மூங்கிலும் கயிறும் வாங்கி, மையத்தின் பேரில் பதிமூன்றாவதாக ஒரு மிதவை கட்டினோம், மாணவர்கள் படிப்பதற்கு. அதைத் தண்ணீரில் இறக்கும்போதுதான் பக்கத்து மிதவையின் பழைய மூங்கில் ஒன்றில் சிப்பி மாதிரி ஒட்டியிருந்த கொட்டலசு என் கையைக் கிழித்தது. வலி இருக்கிறது, வருத்தம் இல்லை.

ஆகவே மகனே, நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. உன் பிரியம் எனக்குத் தெரியும், ஆனால் கைகட்டி நின்றது நான் இல்லை. நீ உன் கம்பெனியில் யாருக்காவது ஓய்வு நேரத்தில் வேலை செய்து கொடுப்பதாக இருந்தால் முதலில் விதியைப் படி, பிறகு கடிதம் எழுதிக் கொடு, நகலைப் பத்திரமாக வை. சாட்சியிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடு. பாக்கர் மாமாவிடம் மாசிக் கருவாடும் வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டியும் கொடுத்திருக்கிறேன், அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் பங்கு வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. விடிகாலை பஜ்ர் தொழுகையைத் தவறவிடாதே.

உன் உம்மா,
காலிதா அகமது கபீர்
(இடது கையால் போட்ட கையெழுத்து, அதனால்தான் சாய்ந்திருக்கிறது.)

காக்கா, இன்னும் எழுத இருந்தது. ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை, அனுமதியோடு பல்கலைக்கழகப் படகில் கடலுக்குப் போகிற முதல் நாள், விடியும் முன்னே எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி உம்மாவே விளக்கை அணைத்துவிட்டார்கள்.