அக்காவுக்காகப் போட்ட ஏசி

கோயமுத்தூர்
6.9.1999

அன்பு மாப்பிள்ளை சுந்தரராஜுலுவுக்கு,

உங்கள் அக்கா புருஷன், பாவா வெங்கடபதி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் நீங்களும் உங்கள் வீட்டாரும் குழந்தை ஹாரிகாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுதுவது முறை. மூன்று காகிதம் கிழித்தாகிவிட்டது, அந்த வரி வரவில்லை.

உங்கள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. பங்குனியில் ஆரம்பித்த இருமல். சளி என்றோம். பிறகு ஆடிக் காற்றுத் தூசி என்றோம். ஆவணி பிறந்தும் நிற்கவில்லை, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போய்ப் படமெல்லாம் எடுத்தோம். போன திங்கட்கிழமை முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், திரும்பி உங்கள் அக்காவைப் பார்த்தார். "எத்தனை வருசமா சிகரெட் பிடிக்கறீங்கம்மா?" என்று கேட்டார். மாப்பிள்ளை, எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "யாரப் பாத்து என்னங்க கேக்கறீங்க? எங்க வம்சத்துல ஆம்பளைங்களே அதத் தொட்டதில்லீங்க" என்று கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் கோபப்படவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவளிடமே கேட்டார். ஹோட்டலில் கல்லாவில் உட்காருகிறேன் என்றாள். கல்லா எங்கே இருக்கிறது, அங்கே சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். அதற்கு உங்கள் அக்கா, என்னவோ நம் ஹோட்டலைக் குறை சொல்லிவிடப் போகிறார் என்பது போல, "ஏசி ஹால்லதானுங்க சார். எல்லாரும் பிடிப்பாங்க. நமக்குப் பழகிப்போச்சுங்க" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். வலது பக்க நுரையீரலில் புற்று. ஆபரேசன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். ரேடியேசன் என்று கரண்ட் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்த அம்மாவுக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அதை இப்போது கேட்காதீர்கள் என்றார்.

எத்தனை வருசமாகச் சிகரெட் பிடிக்கிறீர்கள் என்று அவளைக் கேட்டாரே, ஒரு வாரமாக அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை. சாம்பார் ருசி பார்க்கிறபோது கேட்கிறது, சாமி கும்பிடுகிறபோது கேட்கிறது. அந்த ஏசியை நான் யாருக்காகப் போட்டேன்? உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றொன்றில், சமையல்கட்டு அனலில் உட்கார்ந்து அவள் வேர்த்து வடிகிறாளே என்று, கல்லாவை ஹாலுக்குள்ளே மாற்றி, ஜன்னல்களுக்கெல்லாம் கண்ணாடி போட்டு அடைத்து, காந்திபுரத்தில் எங்கள் தெருவுக்கே முதல் ஏசி ஹாலாகத் திறந்தேன். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஊருக்கே காற்று சும்மா வருகிறது, அதை வெளியே நிறுத்திப் பூட்டினேன். மேசைக்கு மேசை ஆஷ் ட்ரே வைத்தேன். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை, எட்டு வருசம், அவளை அதற்குள்ளே உட்கார வைத்துவிட்டு ராணி மாதிரி இருக்கிறாள் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

நீங்கள் சொன்னீர்கள். தொண்ணூற்றாறில் லீவில் வந்தபோது அந்த ஹாலில் சாப்பிட உட்கார்ந்து, "எங்கப்பா வேலை பார்த்த மில்லுல கேட்லயே தீப்பெட்டிய வாங்கி வெச்சுக்குவாங்க பாவா. பஞ்சுக்குக் குடுக்கற மரியாதைய எங்க அக்காவுக்குக் குடுக்க மாட்டீங்களா?" என்றீர்கள். நான் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, அமெரிக்காக்காரருக்கு நம்ம ஊர்ப் புகை ஒத்துக்கவில்லையாம், யாராவது விசிறி விடுங்கப்பா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் பாதி இலையில் எழுந்து போனீர்கள். மூன்று வருசமாக அக்காவுக்கு மட்டும் கடிதம் வருகிறது, அதில் என்னை விசாரித்து ஒரு வரி இருப்பதில்லை. நியாயம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேறு யார் மூலமாகவாவது கேள்விப்பட வேண்டாம். ஜூலையில் கேரளா ஹைகோர்ட் பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று தீர்ப்புக் கொடுத்தது. இங்கேயும் வந்துவிடுமோ என்று ஹோட்டல்காரர்கள் நாங்கள் கூட்டம் போட்டோம். மேடையில் பேசியது நான்தான். மழையும் காற்றும் பாலக்காட்டிலிருந்து வருவது போதாதென்று சட்டமும் வருகிறதா என்று கேலி செய்தேன். சாப்பிட்டவர் ஒரு சிகரெட் பற்ற வைத்தால் எழுந்து வெளியே போங்கள் என்று சொல்வது கொங்கு நாட்டு மரியாதையா என்று கேட்டேன். அப்படிக் கைதட்டினார்கள். அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள், முதல் கையெழுத்து என்னுடையது. நான் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். பேச்சு நன்றாக இருந்ததா என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலை, ஒன்றும் நடக்காத மாதிரி சேலை மாற்றிக்கொண்டு கல்லாவுக்கு வந்துவிட்டாள். வரவேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். நோயின் பெயரை நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. பதினொரு மணிக்கு நூல் வியாபாரம் பண்ணுகிற வரதராஜுலு வந்து கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் வழக்கம் போல உட்கார்ந்தார். உங்களுக்கும் தெரிந்தவர்தான், தங்கமான மனிதர். பாக்கெட்டை எடுத்தார். வேண்டாங்க என்று சொல்லப் போனேன். கிட்டே போய் நின்றதும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "காப்பிக்குச் சர்க்கரை போதுங்களா?" என்று கேட்டேன். அவர் பற்ற வைத்தார். சாம்பல் கீழே விழப் போகிறதென்று உங்கள் அக்கா கல்லாவிலிருந்து எட்டி ஆஷ் ட்ரேயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அதற்கு மேல் என்ன செய்தேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் அடித்திருக்கிறேன். ஹால் முழுக்கச் சிதறியது. வரதராஜுலு பதறி எழுந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று என் கையைப் பிடித்தார். நான் அவரைப் பார்த்து, "எம் பொண்டாட்டிக்கு நெஞ்சுல புத்துங்க! உங்க புகையில வந்துச்சுங்க, என் ஏசியில வந்துச்சுங்க!" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பது உறைத்தது. மாப்பிள்ளை, தன் நோயின் பெயரை உங்கள் அக்கா இப்படித்தான், சாப்பிட வந்தவர்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டாள்.

வரதராஜுலு சிகரெட்டைக் கையாலேயே நசுக்கிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார். உங்கள் அக்கா எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவரிடம், "நீங்க என்னங்ணா பண்ணுவீங்க, அழுவாதீங்க. உக்காருங்க. காப்பி ஆறிப்போச்சு, வேற கொண்டாரச் சொல்றேன்" என்றாள். பிறகு சப்ளையர் காளிச்சாமியைக் கூப்பிட்டு, யார் காலிலும் கண்ணாடி குத்திவிடாமல் கூட்டச் சொன்னாள்.

அந்தக் காளிச்சாமி சாயங்காலம் வந்து, "ஏனுங்க மொதலாளி, நானும் நெஞ்சப் படம் எடுத்துப் பாத்துக்கணுங்களா?" என்று கேட்டான். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்து நம்மிடம் வேலை செய்கிறவன், இப்போது மூன்று பிள்ளைகள். இன்னும் பதினொரு பேர் அந்த ஹாலில் நாள் முழுக்க நடக்கிறார்கள். அவர்களுக்கும் நெஞ்சு இருக்கிறது என்பது அவன் கேட்கிற வரை எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஹாலில் இப்போது ஏசி ஓடுவதில்லை, சிகரெட்டும் கிடையாது. வாசலில் நானே நின்று சொல்கிறேன். பாதிப் பேர் எதிர் ஹோட்டலுக்குப் போகிறார்கள். மனுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிச் சங்கத்துக்குப் போனேன். அது போன வாரமே சென்னைக்குப் போய்விட்டதாம். "உங்க பேச்சத்தானுங்க அப்படியே எழுதி அனுப்பிச்சோம்" என்றார் செயலாளர்.

நாளை மறுநாள் முதல் கரண்ட் வைக்கப் போகிறார்கள். உங்களுக்கு எழுதக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். "தம்பி சொன்னது பலிச்சுப்போச்சுன்னு அவன் மனசு சங்கடப்படுங்க" என்கிறாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன், அந்தப் பாவமும் என்னோடு சேரட்டும்.

அவள் என்னிடம் கோபமாக இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேளாவேளைக்கு நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். கண்ணாடி கிழித்த என் கைக்கு மருந்து போடுகிறாள். எட்டு வருசம் ஊரார் ஒருத்தரைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள் என்னைப் பார்த்தும் சுளிக்கமாட்டேன் என்கிறாள். ஒரு வார்த்தை, பாவி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் காலில் விழுந்து அழுதுவிடுவேன். சொல்லமாட்டாள்.

லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உடனே கிளம்பி வாருங்கள். அக்காவிடம் சிரித்துப் பேசுங்கள். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, அன்றைக்குப் பாதி இலையில் வைத்துவிட்டுப் போன பேச்சையெல்லாம் பேசுங்கள். இந்த வீட்டில் என்னைத் திட்டுவதற்கு ஆள் இல்லை, மாப்பிள்ளை.

குழந்தை ஹாரிகா நல்ல காற்றில், நல்ல நெஞ்சோடு நூறு வருசம் வாழட்டும்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
வெங்கடபதி